இருபது ரூபாய்ப் பத்திரம் விவாகரத்து ஆகாது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகள் தொட்டதற்கெல்லாம் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள், முன்பெல்லாம் ஊர்க்கூட்டத்தில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி, சரிப்படாது என்றால் ஒரு பத்திரத்தில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கித் தீர்த்து விடுவார்கள், காசும் மிச்சம், மானமும் மிச்சம் என்று. எங்கள் ஊர் மீன் ஏலக் கொட்டகையில் ஒருத்தர் அதைச் சத்தமாக வாசித்தார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஆட்ட வரவில்லை. அப்படி ஒரு பத்திரம் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, அது என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரி. அம்மாவும் அம்மாச்சியும் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு முங்குகிற வேலை. நானும் அதைத்தான் செய்தேன், இப்போதும் செய்கிறேன். 2008-ல் எனக்கு இருபது வயதில் கல்யாணம். அவர் விசைப்படகில் போகிறவர். ஊர் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். 12 பவுன் போட்டு அனுப்பினார்கள். முதல் வருடத்திலேயே அதில் எட்டுப் பவுன் வலைக்கும் இஞ்சினுக்கும் என்று அடகுக்கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை. அதைக்கூட நான் கொடுமை என்று சொல்ல மாட்டேன். கடல் தொழிலில் நகை அடகுக்குப் போகாத வீடு எது?

அடி உண்டு. ஆனால் கோர்ட்டில் நீதிபதி இரண்டு முறை திருப்பிக் கேட்டது அடியைப் பற்றி இல்லை, அரிசி டிரம்மைப் பற்றி. எங்கள் வீட்டில் அரிசி வைத்திருந்த நீல பிளாஸ்டிக் டிரம்முக்கு அவர் கொக்கி அடித்துப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். கடலுக்குப் போகும்போது சாவியும் கடலுக்குப் போய்விடும். திங்கள், புதன், சனி என்று படகு போகிற நாள் எல்லாம் நானும் பிள்ளையும் பக்கத்து வீட்டு அப்பத்தா கொடுக்கிற படி அரிசியில் கஞ்சி காய்ச்சினோம். ஏன் பூட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அரிசியை விற்று அம்மா வீட்டுக்குக் காசு அனுப்புகிறேன் என்று மாமியார் சொன்னதாக நாத்தனார் ஒருமுறை சொன்னாள். ரேஷன் அரிசியை விற்று எவ்வளவு அனுப்பிவிட முடியும் என்று கேட்கிற பொறுமை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மூன்று முறை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்தேன், மூன்று முறையும் ஊர்ப் பெரியவர்கள் பேசிக் கொண்டுபோய் விட்டார்கள். நாலாவது முறை, 2014-ல், நானாக வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். விடியும்வரை வலைக் கொட்டகையில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன்.

அப்புறம் இரண்டு வருடம் ஒரு போன் கிடையாது, ஒரு பைசா கிடையாது. 2016 மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கம் குடும்பப் பஞ்சாயத்து எல்லாம் தடைக்காலத்தில்தான் நடக்கும், ஆண்கள் கரையில் இருப்பது அப்போதுதானே. 20 ரூபாய்ப் பத்திரம் ஏற்கனவே டைப் அடித்து வந்திருந்தது. "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து கொள்கிறோம், இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்து கொள்ளலாம்" என்று இருந்தது. கையில் 40 ஆயிரம் கொடுத்தார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு, வாசிக்கத் தெரியும், வாசித்தேன், போட்டேன். யாரும் கையைப் பிடித்து அமுக்கவில்லை. ஆனால் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து "போடு தாயி, வெயில் ஏறுது" என்று சொன்னால் யார்தான் போட மாட்டார்கள்?

மறு வருடமே அவர் கோயிலில் வைத்து வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தீர்த்துவிட்டாச்சு, அவர் வழி அவருக்கு என்றிருந்தேன். 2018-ல், கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது என்று சொன்னார்களே என்று மனு கொடுக்கப் போனேன். 30 வயது ஆகியிருக்க வேண்டும், எனக்கு ஆகியிருந்தது. கோர்ட்டில் விவாகரத்து வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். எனக்கு நாலு வருடம்தான். சரி, விவாகரத்துதான் ஆகிவிட்டதே என்று பத்திரத்தை நீட்டினேன். அங்கிருந்த அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குள்ள எழுதிக்கிட்டதும்மா, கோர்ட்டு தீர்ப்பு எங்க?" என்றார். அன்றைக்குத்தான், பிரிந்து நாலு வருடம் கழித்து, அவர் இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்போது, சட்டப்படி நான் இன்னும் அவர் மனைவி என்று தெரிந்துகொண்டேன். அந்த இன்னொரு பெண் சட்டப்படி யாருக்கும் மனைவி இல்லை. அவளை நான் குறை சொல்லவில்லை, அவள் வீட்டாரும் அந்தப் பத்திரத்தை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். அவள் பிள்ளைகளைச் சட்டம் முறையான பிள்ளைகளாகவே பார்க்கிறது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பெரியவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருத்தர் வலையை இன்னொருத்தர் படகு அறுத்துக்கொண்டு போன வழக்கை எங்கள் ஊர்க்கூட்டம் தீர்ப்பது போல எந்தக் கோர்ட்டும் தீர்க்காது. வலை எத்தனை பாகம், எவ்வளவு நாள் ஓடிய வலை, எல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். ஆனால் கல்யாணத்தை முறிக்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்தான், பிரிவு 29. காலம் காலமாக ஒரு சமுதாயத்தில் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தால் அதை ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வழக்கம் இருந்தது, இடைவிடாமல் இருந்தது, இப்படி இப்படித்தான் நடக்கும் என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். எங்க தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் என்று வாயால் சொன்னால் போதாது. என் கேஸில் அவர்கள் வாயால்தான் சொன்னார்கள்.

வக்கீலுக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ல் வந்த சட்டம் அது. ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்தேன், ஒரு வக்கீல் அம்மாவை நியமித்தார்கள். போனில் கேட்க வேண்டும் என்றால் 15100. இதை எங்கள் பக்கம் பத்துப் பெண்ணிடம் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது.

வக்கீல் அம்மா என் கதை முழுவதையும் கேட்டார். கொடுமை, கைவிட்டுப் போனது, இரண்டு காரணமும் போடலாம் என்றார். 1955-ல் சட்டம் வந்தபோது இவை இரண்டும் விவாகரத்துக்குக் காரணமாக இல்லையாம், தனித்து வாழ உத்தரவு வாங்கலாம், அவ்வளவுதான். 1976-ல் திருத்தம் வந்த பிறகுதான் பிரிவு 13-ல் சேர்த்தார்கள். என் அப்பத்தாவுக்கு அவள் கல்யாண வயதில் இது கிடைத்திருக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "இதுல ஏம்மா கையெழுத்துப் போட்ட?" என்றார்.

கடிதம் எழுதிய பெரியவரும், அடுத்த கூட்டத்தில் பத்திரம் எழுதப் போகிறவர்களும் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கைவிட்டுப் போவது என்றால் பிரிந்து இருப்பது மட்டும் இல்லை. மனு போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடமாவது தொடர்ச்சியாகப் பிரிந்திருக்க வேண்டும், இனி சேர்ந்து வாழவே கூடாது என்ற எண்ணத்தோடு போயிருக்க வேண்டும், நியாயமான காரணம் இருக்கக் கூடாது, முக்கியமாக மற்றவர் சம்மதம் இல்லாமல் நடந்திருக்க வேண்டும். போனதும் வேண்டும், போகிற எண்ணமும் வேண்டும் என்று 1956-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். இப்போது என் பத்திரத்தைப் பாருங்கள். "மனமொத்துப் பிரிந்து கொள்கிறோம்" என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனமொத்துப் பிரிந்தால் அது கைவிடுவது ஆகாது. அந்த ஒரு வரி என் கேஸில் பாதியை அடித்துவிட்டது.

அதோடு விட்டதா? ஜீவனாம்சத்திலும் கை வைத்தது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் பிரிவு 144. அதில் யார் யாருக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது, பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்குக் கிடையாது என்கிறது. கோர்ட்டில் முறைப்படி விவாகரத்து ஆன பெண் கூட மறுமணம் செய்யாதவரை கேட்கலாம், ஆனால் ஊர்க்கூட்டத்தில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவளுக்கு அங்கே இடைஞ்சல். விவாகரத்தையும் தராது, விவாகரத்து ஆனவளுக்குக் கிடைப்பதையும் தடுக்கும். 20 ரூபாய்க்கு இவ்வளவு வேலை பார்க்கிற பொருள் வேறு எதுவும் நான் பார்த்ததில்லை.

உண்மையிலேயே இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அதற்கும் சட்டத்தில் நேரான வழி இருக்கிறதே ஐயா. பிரிவு 13பி. ஒரு வருடம் பிரிந்து இருந்தால் போதும், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து ஆமாம் என்று சொன்னால் தீர்ப்பு. சேர வழியே இல்லை, நகை, பணம், பிள்ளை எல்லாம் பேசி முடித்தாச்சு என்றால் அந்த ஆறு மாதத்தையும் கோர்ட்டே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2016-ல் அந்தக் கொட்டகையில் என்னிடம் வாங்கிய கையெழுத்தையும் அவரிடம் வாங்கிய கையெழுத்தையும் அந்த மனுவில் வாங்கியிருந்தால் அடுத்த தடைக்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பெண்ணையும் அவர் முறையாகவே கட்டியிருக்கலாம். மூன்று பேருடைய வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு மானம் மிச்சம் என்றால் யாருடைய மானம் அது?

சரி, கேஸுக்கு வருகிறேன். 2019 ஆரம்பத்தில் மனு போட்டோம். சம்மன் அவர் கைக்குப் போகவே இல்லை. கோர்ட் ஆள் போகும்போதெல்லாம் "கடலுக்குப் போயிட்டான்" என்று ஒரே பதில், பாதி நாள் அது உண்மையும்தான். வக்கீல் அம்மாவுக்கு நம் பக்கத்து நாள் கணக்கு தெரியும். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கும், மே மாதம் கோர்ட் விடுமுறை, இடையில் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் பார்த்து அனுப்பினார், படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஆளிடம் நேராகப் போய்ச் சேர்ந்தது.

அவர் தரப்புப் பதில் மனுவில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, ஊர் வழக்கப்படி எப்போதோ தீர்த்து விட்டாச்சு, கல்யாணமே இப்போது இல்லை. இன்னொன்று, நான்தான் அவரைக் கைவிட்டு ஓடிப்போனேன். வக்கீல் அம்மா எழுந்து, தீர்த்து விட்டிருந்தால் கைவிட்டு ஓட யார் இருக்கிறார், ஓடிப்போனாள் என்றால் மனமொத்து எப்படி, ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார்.

கொடுமைக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் நினைப்பது மண்டை உடைந்து, போலீஸ் கேஸ் ஆகியிருந்தால்தான் கோர்ட் நம்பும் என்று. அப்படி இல்லை. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தே முடிவு செய்யலாம் என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. மனசை நோகடிப்பதும் கொடுமைதான், 2007-ல் ஒரு வழக்கில் எதெல்லாம் மனக் கொடுமை ஆகலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள், அதையும் முடிந்த பட்டியல் இல்லை என்று சொல்லியே போட்டிருக்கிறார்கள். அரிசி டிரம் அதில் இல்லை. ஆனாலும் எடுபட்டது. இருந்தாலும் காகிதம் காகிதம்தான். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு ஒன்று, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கு வாங்கிய ரசீது ஒன்று, இரண்டையும் அம்மா சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். பெண்களே, எதையும் கிழித்துப் போடாதீர்கள்.

எதிர்த்தரப்பு கேட்ட கஷ்டமான கேள்வி, மூன்று முறை திரும்பிப் போய் வாழ்ந்தாயே, அப்படியென்றால் நடந்ததை எல்லாம் மன்னித்துவிட்டாய் என்றுதானே அர்த்தம் என்பது. சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, கொடுமையை மன்னித்து ஏற்றுக்கொண்டால் அதைக் காரணம் காட்ட முடியாது. எனக்கு அந்தக் கூண்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் மன்னித்தேனா? என்னைக் கேட்டு யார் அனுப்பினார்கள்? பெரியவர்கள் பேசி ஏற்றிவிட்ட வேனில் ஏறிப் போனேன், அவ்வளவுதான். அதைத்தான் சொன்னேன். மன்னித்ததாகவே வைத்துக்கொண்டாலும் திரும்பவும் கொடுமை செய்தால் பழையதும் உயிர் பெற்றுவிடும் என்று அதே 1975 தீர்ப்பில் இருக்கிறது என்று வக்கீல் அம்மா எடுத்துக் காட்டினார். ஆக, சேர்த்து வைக்கிறேன் என்று திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு முறையும், அந்தப் பெண் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புகிறோம் என்று அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சாட்சிக்கு ஊரில் யாரும் வரவில்லை. நாளைக்கு அதே கரையில் அவர் படகோடு தொழில் செய்ய வேண்டியவர்கள், எப்படி வருவார்கள். வந்தது கஞ்சிக்கு அரிசி கொடுத்த பக்கத்து வீட்டு அப்பத்தா மட்டும்தான். பஸ் ஏறி, வெற்றிலை இடிக்கிற உரலை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். "அவன் அரிசியைப் பூட்டியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்பத்தா, "பூட்டைப் பாத்தேன் சாமி. சாவி அவன் இடுப்புல. அவன் கடல்ல. வேற யாரு பூட்டியிருப்பா, நீங்களே சொல்லுங்க" என்றாள். மேற்கொண்டு கேள்வி இல்லை.

இடையில் 2020 கொரோனா வந்து வாய்தா வாய்தாவாகப் போனது. 2022-ல் தீர்ப்பு. கொடுமை நிரூபணமாகியிருக்கிறது, அந்தக் காரணத்தில் விவாகரத்து. கைவிட்டது என்ற காரணம் நிற்கவில்லை, பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறதே. ராத்திரி பதினோரு மணிக்குத் தள்ளிக் கதவைச் சாத்தியவர் கைவிட்டவர் இல்லை என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டது. வாசலைத் தாண்டிக் காலெடுத்து வைத்தவர்தான் கைவிட்டவர் என்று இல்லை, தாண்ட வைத்தவரும் கைவிட்டவர்தான் என்று சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறதாம். பத்திரம் இல்லாமல் இருந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்கும். அதைப் பற்றி இப்போது பேசி ஆகப்போவது இல்லை, ஆனால் மனதில் ஒரு முள்ளாகவே கிடக்கிறது.

ஜீவனாம்சக் கேஸ் தனிக் கூத்து. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நல்ல விஷயம். ஆனால் மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, கடல்காரருக்கு என்ன இருக்கிறது? அவர் படகில் பங்கு வைத்திருப்பது ஊருக்கே தெரியும், காகிதத்தில் படகு கொழுந்தன் பெயரில். "நான் கூலி, மீன்பாடு கிடைத்தால் பங்கு, இல்லையென்றால் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். படகுப் பதிவு யார் பெயரில், வரிவிலக்கு டீசல் யார் பெயரில் வாங்குகிறார்கள், அடகுக்கடையில் நகை வைத்து யார் பெயரில் இஞ்சின் வாங்கியது என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம். கடைசியில் சம்மதப் பிரிவு என்ற வாதம் எனக்கு எதிராக முழுதாக நிற்கவில்லை, அவர் வேறு கல்யாணம் செய்திருந்தது அங்கே எனக்கு உதவியது. பிள்ளைக்கு ஒரு தொகை, எனக்கு ஒரு சின்னத் தொகை. வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. அதை வசூல் செய்வதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கம் தப்பாகவே பேசிக்கொள்கிறார்கள்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே அத்துப்போகும் என்பது. எங்கிருந்து வந்தது என்றால், ஏழு வருடமாக உயிரோடு இருக்கிறாரா என்றே தகவல் இல்லாதவர் விஷயத்தில் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது, அங்கிருந்து வந்தது. அதற்கும் மனு போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும். ஏழு இல்லை, எழுபது வருடம் பிரிந்திருந்தாலும் தானாக எதுவும் அறுந்து போகாது.

இன்னொன்று, இரண்டு வருடம் ஆள் வீட்டில் இல்லை என்றாலே கைவிட்டதுதான் என்பது. எனக்குத் தங்கை முறை ஆகிற ஒருத்தி, அவள் வீட்டுக்காரர் எல்லை தாண்டினார் என்று பிடித்துக்கொண்டு போய் இலங்கைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். அவளிடம் போய், இரண்டு வருடம் ஆகட்டும், கேஸ் போட்டுக் கழித்துவிடு என்று அறிவுரை சொல்கிறார்கள். அவர் எங்கே கைவிட்டார்? கம்பிக்குப் பின்னால் இருப்பவருக்குப் போகிற எண்ணம் ஏது? வளைகுடா நாட்டில் படகு ஓட்டி மாதா மாதம் பணம் அனுப்புகிறவரும் கைவிட்டவர் இல்லை. அதே சமயம் கேரளாவில் படகுக்குப் போகிறேன் என்று போய், மூன்று வருடமாகப் போனை மாற்றி, பணமும் அனுப்பாமல் அங்கேயே குடும்பம் வைத்துக்கொண்டவர் கைவிட்டவர்தான், தீபாவளிக்கு ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனாலும். தூரத்தையும் நாளையும் மட்டும் எண்ணிப் பயன் இல்லை. தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்துக்கோ கட்டிக் கொடுத்த பெண்ணும் அங்கே போய்க் கேஸ் போட வேண்டியதில்லை, 2003 திருத்தத்துக்குப் பிறகு தான் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம். இதெல்லாம் இந்து திருமணச் சட்டத்தில் வருகிறவர்களுக்கு. எங்கள் கரையில் பாதிப் பேர் வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்), முஸ்லிம்கள், அவர்களுக்குச் சட்டம் வேறு, அதைப் பற்றி நான் பேச ஆள் இல்லை.

தீர்ப்பு நகல் வாங்கி, மேல்முறையீட்டுக்கான 90 நாளும் கழிந்த பிறகு முதலில் செய்த வேலை ரேஷன் கார்டு. அதுவரை என் பெயர் மாமியார் கார்டிலேயே கிடந்தது, எத்தனையோ முறை எடுத்துவிடச் சொல்லியும் எடுக்கவில்லை. நானும் என் மகனும் மட்டும் உள்ள கார்டு கைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை கொடுக்க ஆரம்பித்தபோது குடும்பத் தலைவி என்று என் பெயரில் ஆயிரம் ரூபாய் ஏறியது. மாமியார் கார்டிலேயே இருந்திருந்தால் அந்தக் கார்டுக்கு ஒருத்திதான், அது மாமியார்தான். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. மெசேஜ் வந்ததும் மகனிடம் காட்டினேன், அவன் "தலைவி" என்ற வார்த்தையைப் பார்த்துச் சிரித்தான். இப்போதும் கோபம் வந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்கு மன்னிக்கவும், வெட்டிப் போட வேண்டுமென்றால் என் கதையை வெட்டுங்கள், 13பி பற்றியும் அந்த "மனமொத்து" வரியைப் பற்றியும் எழுதியதை வெட்டாதீர்கள். ஒரு அவசரமும் இருக்கிறது. பக்கத்துக் குப்பத்தில் 24 வயதுப் பெண் ஒருத்தி, தாய் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, நேற்று என்னைத் தேடி வந்தாள். தடைக்காலம் தொடங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார்களாம். பத்திரம் எழுதி வந்துவிட்டதாம். போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தாள், பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதில் இருந்த அதே வாசகம், எழுத்துப் பிழை உட்பட. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் அவள் அப்பாவும் சித்தப்பாவும் உங்கள் பத்திரிகையில் வந்தால்தான் நம்புவார்கள். ஏப்ரல் 15-க்கு முன்னால் போட்டுவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாத வாசகி,
மண்டபம் கடற்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.